வழுவும் விலகலும் திரிபும்: ஒரு வினைச்சொல் பற்றிய குறிப்புகள்

எம்மவரின் அரசியல் எழுத்திலும் இலக்கிய விமர்சனத்திலும் ஏறத்தாழ அறுபது வருடங்களாக ஓய்வின்றி உழைத்துவரும் சில சொற்கள் உண்டு. திரிபு, விலகல், பிறழ்வு, வழுவல், மீறல் என்பன அவை. ஆங்கிலத்தில் ‘டீவியேற்’ என்ற ஒரே வினையால் இவை எல்லாவற்றையும் ஏறக்குறையச் சுட்டிவிடலாம். முன்னைய காலத்தில் ஒருவரை ஒதுக்குவதற்கு இச்சொற்களைப் பயன்படுத்தினோம். பின்னர், சிறுபத்திரிகைகளில் பின்நவீனத்துவம் வந்து இறங்கிய நாட்களிலிருந்து, ஒருவரைக் கொண்டாடுவதற்கும் பயன்படுத்துகிறோம். விலகினார் என்றால் எதிலிருந்து, அந்த வழியைப் போட்டவர் யார் என்ற கேள்வியை இரண்டு காலத்திலும் கேட்டவர்கள் குறைவு. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

இதை எழுதத் தூண்டிய சந்தர்ப்பம் சாதாரணமானது. நியூ ஜேர்சியில் நான் வேலைசெய்யும் மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைகளைப் பெட்டியிலடைக்கும் வரிசையில் என்னோடு நிற்பவர்களில் மூவர் மகாராட்டிரத்துப் பெண்கள். ஒருவர் சாங்லி, ஒருவர் கோலாப்பூர், மற்றவர் றாய்காட் மாவட்டக் கிராமமொன்று. முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை எடை பார்த்துப் பதிய வேண்டும் என்பது எழுத்திலுள்ள விதி. ஒருநாள் இயந்திரம் அடைபட்டு நின்றதில் றாய்காட்காரியின் பதிவு நாற்பத்தைந்தாவது நிமிடத்துக்குப் போய்விட்டது. மேற்பார்வையாளர் ‘டீவியேசன்’ படிவத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். புனேயின் டெக்கான் கல்லூரியில் மொழியியல் படித்த காலத்தில் எனக்கு ஒட்டிக்கொண்ட கொஞ்ச மராத்தியை நம்பி, அந்தச் சொல்லை அவர்களுக்கு விளங்கப்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மராத்தியில் இதற்கென்று பாடப்புத்தகச் சொல் ஒன்று இருக்கிறது: ‘விசலன்’. புள்ளிவிபரவியலில் வரும் நியம விலகலை அவர்கள் ‘பிரமாண் விசலன்’ என்பார்கள். அதை மூவரும் பள்ளியோடு விட்டுவிட்டார்கள். சிவாஜியின் ஆணையில் ரகுநாத் பண்டித் பாரசீகச் சொற்களுக்குப் பதிலாகச் சமஸ்கிருதச் சொற்களைத் தொகுத்த 17ஆம் நூற்றாண்டு ராஜ்யவ்யவஹார கோசத்திலிருந்து, 20ஆம் நூற்றாண்டில் சாவர்க்கர் நடத்திய மொழித்தூய்மை இயக்கம்வரை, மராத்திக்கு மேலிருந்து சொல் இறக்கும் பழக்கம் நீண்டது. எமது தனித்தமிழ்க்காரர் சமஸ்கிருதத்தை வெளியேற்றியது போல அவர்கள் சமஸ்கிருதத்தைக் கொண்டு பாரசீகத்தை வெளியேற்றினார்கள். இரண்டிலும் தொழிற்சாலைப் பெண்ணுக்குக் கிடைத்தது கையெழுத்திட முடியாத சொல்தான்.

ஆகவே வழியைப் பிடித்தேன். ஆங்கில வினைக்குள் லத்தீன் ‘வியா’, அதாவது தெரு, இருக்கிறது. தெருவை விட்டு அகல்வதே டீவியேற். மராத்தியில் தெருவுக்கு ‘வாட்’. ‘வாட் சுக்ணே’ என்றால் வழி தவறுதல். ‘ஆட்வாட்’ என்றால் பெருந்தெருவிலிருந்து பிரிந்து போகும் குறுக்குப் பாதை. ‘ஆட்வாட்டில் போய்த் திரும்பவும் பெருந்தெருவில் ஏறினீர்கள், அதைத்தான் எழுதச் சொல்கிறார்கள், தாயி’ என்றேன். அவர் ஒப்பவில்லை. ‘மீ வாட் ஸோட்லீ நாஹீ, அண்ணா. வாட்ச் பந்த் ஹோதீ’ என்றார். நான் வழியை விடவில்லை, அண்ணா, வழிதான் மூடியிருந்தது. (அண்ணா என்ற சொல் அவர்களுக்கும் எமக்கும் ஒன்றுதான், இந்த நாட்டில் என்னை அப்படிக் கூப்பிடுவோர் பெரும்பாலும் மராத்தியர்.)

இந்தப் பதிலில் ஒரு முழு இலக்கண விமர்சனம் இருக்கிறது. டீவியேற் என்ற வினைக்கு எழுவாய் வேண்டும். யாரோ ஒருவர் விலகியிருக்க வேண்டும். வழி மூடப்பட்டதைச் சொல்ல அந்த வினையில் இடமில்லை. படிவத்திலோ ஊழியர் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. வழியின் பெயருக்குக் கட்டம் இல்லை.

1978இல் திருத்தி வெளியிடப்பட்ட அமெரிக்க மருந்து உற்பத்தி ஒழுங்குவிதிகளை (21ஆம் தலைப்பு, 211ஆம் பகுதி) எடுத்துப் பார்த்தால், அவை இவ்வளவு முரடாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுதிவைத்த நடைமுறையிலிருந்து எந்த விலகல் நேர்ந்தாலும் அதைப் பதிய வேண்டும், அதற்கு நியாயம் காட்ட வேண்டும் என்பதே விதியின் சாரம். அதாவது நியாயமான விலகல் என்று ஒன்று இருக்க முடியும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. முன்கூட்டியே அனுமதி பெற்றுச் செய்யும் ‘திட்டமிட்ட விலகல்’ என்றொரு வகையும் தொழிற்சாலைகளில் வழங்குகிறது. ஆனால் நடைமுறையில், திட்டமிட்ட விலகல் அலுவலகத்தாருக்கும் திட்டமிடாத விலகல் வரிசையில் நிற்பவருக்கும் உரியதாகிவிடுகிறது. காரணம் எழுதும் இடத்தில் ‘மனிதத் தவறு’ என்றும், தீர்வு எழுதும் இடத்தில் ‘மறுபயிற்சி’ என்றும் போட்டு மூடிவிடுவது எல்லோருக்கும் வசதி. நியாயம் மேலே ஏறும், தவறு கீழே இறங்கும்.

தமிழுக்கு வருவோம். எமது இலக்கண மரபில் வழு என்பது பேசியவரின் குற்றமாகச் சொல்லப்படவில்லை. அது சொற்றொடரின் நிலை. பவணந்தியின் நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களைச் சொல்கிறது. அதை விட முக்கியமானது, வழாநிலைக்கும் வழுவுக்கும் நடுவில் உரைகாரர்கள் பேணிய மூன்றாவது இடம்: வழுவமைதி. விதியிலிருந்து விலகியதுதான், ஆனால் காரணம் இருப்பதால் அமைத்துக்கொள்ளப்பட்டது. தன் பசுவைப் பார்த்து ‘அம்மா வந்தாள்’ என்பவன் திணையையும் பாலையும் மீறுகிறான். நன்னூல் அவனை மன்னிக்கக்கூட இல்லை, அது இயல்பு என்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்று ஐந்து காரணங்களை வேறு அடுக்குகிறது. மகிழ்ச்சியும் கோபமும் இலக்கணத்தைத் தள்ளிவைக்கப் போதுமான காரணங்கள் என்று 13ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் எழுதிவைத்தார். அந்நூலின் கடைசிச் சூத்திரம், பழையது போவதும் புதியது வருவதும் வழுவல்ல என்று சொல்லி முடிவதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. (வழி, வழு என்ற ஒலியொப்புமையை வைத்து வேர் காட்டும் ஆசையை இங்கே அடக்கிக்கொள்கிறேன். அந்தத் தொழிலுக்கு எம்மத்தியில் ஆள் பஞ்சமில்லை.)

இந்த வழுவமைதிக்கும், பதிந்து நியாயம் காட்டச் சொல்லும் மருந்து விதிக்கும் உள்ள ஒற்றுமையை நான் பெரிதாக எண்ணுகிறேன். இரண்டிலும் விதி இருக்கிறது, விலகல் நேர்கிறது, காரணம் கேட்கப்படுகிறது. காரணத்தைக் கேட்டு முடியும்வரை தண்டனை இல்லை.

எமது அரசியல் மொழி இந்த நடு இடத்தைக் கைவிட்டது. 1964அளவில் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ, பீக்கிங் என்று பிளந்தபோது, சண்முகதாசன் அணியினர் மற்றவர்களைத் ‘திரிபுவாதிகள்’ என்றார்கள். மற்றவர்கள் இவர்களை ‘வறட்டுவாதிகள்’ என்றார்கள். அந்த மொழியைக் கேலிசெய்வது இன்று சுலபம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரிபு என்று குற்றஞ்சாட்ட ஒரு மூலநூல் வேண்டும். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, நீ அதை எப்படி மாற்றினாய் என்று காட்ட வேண்டும். எதிராளியும் அதே நூலைத் திறந்து பதில் எழுதலாம். எழுதினார்கள், பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்தச் சொல்லின் கேடு ‘வாதி’ என்ற ஒட்டில் இருந்தது. அது செயலை ஆளாக மாற்றியது. பின்னர் தேசியவாத அரசியல் அந்த ஒட்டின் வேலையை எடுத்துக்கொண்டு நூலை எறிந்துவிட்டது. ‘துரோகி’ என்று சொல்ல எந்த மூலநூலும் தேவைப்படவில்லை. திரிபுவாதிக்குக் கிடைத்தது மறுப்புக் கட்டுரை. துரோகிக்கு 80களின் யாழ்ப்பாணத்தில் கிடைத்தது மின்கம்பம். 1975 யூலை 27இல் அல்பிரட் துரையப்பா, 1989 செப்டெம்பர் 21இல் ரஜனி திராணகம, 1994 மே 1இல், அதுவும் பாரிஸில், சபாலிங்கம். மூவருடைய அரசியலும் ஒன்றல்ல, நான் அவர்களை ஒரே தட்டில் வைக்கவும் இல்லை. மூவரிடமும் காரணம் கேட்கப்படவில்லை என்பது மட்டும் பொது.

புலம்பெயர்ந்த பின்பும் இது தீர்ந்துவிடவில்லை. 2009க்குப் பின் ‘துரோகி’ நாவில் மட்டும் வாழ்கிறது என்று ஆறுதல்படுவோர் இருக்கிறார்கள். ஒரு சொல் நாவில் எவ்வளவு காலம் காத்திருக்கும் என்பதை மொழி வரலாறு படித்தவர்கள் அறிவார்கள்.

செயலிலிருந்து ஆளுக்கு வழுக்கும் இந்த இயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலத்தில் டீவியேற் என்ற வினையே 20ஆம் நூற்றாண்டில் பெயர்ச்சொல்லாகி ஒரு வகை மனிதரைக் குறித்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1952இல் வெளியிட்ட தனது முதல் நோய்வகைப்பாட்டு நூலில் ஒருபால் விருப்பைப் பாலியல் டீவியேசன் என்ற தலைப்பின் கீழ் வைத்திருந்தது. 1973 டிசெம்பரில் அந்த முடிவைக் கைவிட்டது. இடைப்பட்ட இருபத்தொரு வருடத்தில் மாறியது அந்த மனிதர்கள் அல்லர். ஹோவார்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் 1963இல் எழுதிய ‘வெளியாட்கள்’ நூலின் வாதமும் இதுவே: பிறழ்வு என்பது செயலின் குணமல்ல, விதி செய்தவர்கள் அதை ஒருவர்மேல் ஒட்டியதன் விளைவு. எமது கலைச்சொல்லாளர்கள் இந்த விவாதம் எதுவும் நடவாதது போல ‘பிறழ்வு’, ‘நெறிபிறழ்ந்தோர்’ என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

மராத்தியில் இதற்கு ஈடான சொற்கள் இன்னும் கூர்மையானவை. ‘பாட்ணே’ என்றால் தீட்டுப்பட்டுச் சாதியிழத்தல். தின்னக்கூடாத இடத்தில் தின்றவர் பாட்டிவிட்டார். ‘வாளீத் டாக்ணே’ என்றால் ஊர்விலக்குச் செய்தல். தண்ணீர், கடை, கல்யாணம், சாவு எதிலும் அந்தக் குடும்பத்தோடு ஒருவரும் சேரக்கூடாது. இது பழங்கதை அல்ல. றாய்காட் மாவட்டத்து வழக்குகள் பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வந்தன. மகாராட்டிர அரசு சமூகவிலக்குக்கு எதிராகத் தனிச்சட்டம் கொண்டுவந்தது 2016இல்தான். எங்கள் றாய்காட்காரி படிவத்தில் கையெழுத்திட ஏன் மறுத்தார் என்பது இங்கே விளங்கும். விலகல் என்று ஒப்புக்கொள்வது விலக்குக்குக் கதவு திறப்பது என்று அவரது ஊர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஞானேஸ்வரரின் கதையை மூவரும் அறிவார்கள். துறவு பூண்ட தந்தை இல்லறத்துக்குத் திரும்பினார் என்பதற்காகக் குடும்பமே ஒதுக்கப்பட்டது. பிள்ளைகள் சுத்திப்பத்திரம் கேட்டுப் பைட்டணுக்கு நடந்தார்கள். 1290இல் ஞானேஸ்வரி எழுதியவர் அந்தப் பிள்ளைகளில் ஒருவர். 

தமிழில் விலகு, விலக்கு என்ற தன்வினை, பிறவினை இணையை இங்கே பார்க்க வேண்டும். ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம். இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களக் கலைச்சொற்களோடு வளர்ந்த நாங்கள் ‘நியம விலகல்’ என்று படித்தோம். தமிழ்நாட்டுப் பாடநூல் ‘திட்ட விலக்கம்’ என்கிறது. விலகலில் எண் தானாக நகர்ந்து நிற்கிறது. விலக்கத்தில் யாரோ தள்ளிவிட்ட வாடை வருகிறது. கணிதத்தைப் பொறுத்தவரை எமது சொல்லே சரி என்பேன். ஆனால் அந்தக் கணிதம் சொல்லும் இன்னொன்றை நாம் கற்றுக்கொள்ளவில்லை. சராசரி என்பது வெளியிலிருந்து வந்த விதி அல்ல. விலகி நிற்கும் எண்கள் எல்லாவற்றையும் கூட்டித்தான் அது கிடைக்கிறது. ஓர் எண்ணைத் தூக்கி எறிந்தால் சராசரியே இடம்பெயரும். எல்லா விலகல்களையும் குறியோடு கூட்டினால் பூச்சியம். நியமத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதை எமது முன்னைய தலைமுறை 1971இல் பார்த்தது. 400 புள்ளிகளில் பொறியியலுக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 250, சிங்களமொழி மாணவருக்கு 227 என்று வெட்டுப்புள்ளி வந்தது. அதன் பிறகு ‘தரப்படுத்தல்’ என்ற சொல்லைக் கணிதச் சொல்லாகக் கேட்கும் காதே எமக்கு இல்லாமற் போயிற்று.

இனி இலக்கியம். இங்கே நன்னூலாரை நான் புகழ்ந்ததற்கு ஒரு வரம்பு போட்டுக்கொள்கிறேன். வழுவமைதி யாருக்கு வழங்கப்பட்டது? தொல்காப்பிய மரபியல் வழக்கு என்பதே உயர்ந்தோருடையது என்று வரையறுத்துவிட்டது. உயர்ந்தோர் விலகினால் அமைதி, மற்றவர் பேசினால் ‘இழிசனர் வழக்கு’. 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் நடந்த மரபுப் போராட்டத்தில், டானியல், டொமினிக் ஜீவா போன்றோரின் பேச்சுத்தமிழ்மீது பண்டிதர்கள் எறிந்தது இந்தச் சொல்லைத்தான். ‘இழிசனர்’ என்றபோது அவர்கள் நடையை மட்டும் சொல்லவில்லை, எழுதியவரின் சாதியையும் சொன்னார்கள். கைலாசபதி, சிவத்தம்பி தரப்பு அதற்குப் பதில் சொன்னது. மரபு மாறுவது, மக்கள் மொழியே மொழி என்றது. நல்ல பதில்தான். ஆனால் அந்தப் பதிலும் ஒரு விஷயத்தில் பண்டிதர்களோடு ஒத்துப்போனது. டானியல் மரபிலிருந்து விலகுகிறார் என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. ஒருவர் அதைக் குற்றம் என்றார், மற்றவர் முற்போக்கு என்றார்.

பின்னர் வந்த ‘மீறல்’ விமர்சகர்கள் செய்ததும் இதுவே. கொச்சை வந்தால் மீறல், உடல் வந்தால் மீறல், சாராயம் வந்தால் மீறல். மீறப்பட்டதாகச் சொல்லும் வேலியை இவர்கள் தங்கள் கையாலேயே மறுபடி நட்டுக்கொண்டிருந்தார்கள், ஏனெனில் வேலி இல்லாவிட்டால் இவர்களுக்கு விமர்சனம் இல்லை.

மராத்தி இங்கே எமக்கு உதவும். பாபுராவ் பாகூலின் ‘ஜேவ்ஹா மீ ஜாத் சோரலீ ஹோதீ’ கதைத்தொகுதி வந்தது 1963இல், அதாவது எமது மரபுப் போராட்டம் சூடாக இருந்த அதே காலத்தில். நாம்தேவ் தஸாலின் ‘கோல்பீட்டா’ 1972. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலும் அதே வருடம். பம்பாயில் தலித் பாந்தர் தொடங்கியதும் அதே வருடம். ஒருவரையொருவர் அறியாத ஒற்றுமை. கோல்பீட்டாவுக்கு முன்னுரை எழுத வந்தவர் விஜய் தெண்டுல்கர், மராத்தி நாடகத்தின் பெரிய பெயர். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியின் மொழியில் எழுதப்பட்ட அந்தக் கவிதைகளில் பல சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. தஸாலிடமே பொருள் கேட்டார், அவரோடு காமாட்டிபுராத் தெருக்களில் நடந்து பார்த்தார். முன்னுரையில் அதை மறைக்கவும் இல்லை. ‘பிரமாண்’ மொழியில் எழுதும் ஒருவர், விளங்காமை தன் பக்கத்துக் குறையாக இருக்கலாம் என்று எண்ணியது இங்கே முக்கியம். தஸால் எந்த வழியையும் விட்டு விலகவில்லை. அவர் நடந்த தெருவே அது. அங்கிருந்து பார்த்தால் புனேயின் மொழிதான் எங்கோ ஒதுங்கிப் போகும் ஆட்வாட்.

அதே கண்ணோடு பஞ்சமரை வாசித்தால் டானியலின் பேச்சுத்தமிழில் மீறல் ஏதும் தென்படாது. தென்படுவது, அந்த மாந்தர்கள் ஆளுக்கேற்ப மொழியை மாற்றும் நுட்பம்: வெள்ளாள நயினாரிடம் ஒரு விகுதி, தம்மவரிடம் இன்னொன்று. அந்த விகுதிகளுக்குள் ஒரு கறாரான இலக்கணம் இருக்கிறது. அதில் வழுவினால் அடி விழும் என்பதால் எவரும் வழுவுவதில்லை. நயினார்கள் வழுவுகிறார்கள், தண்டனையில்லாமல். இதை ஒரு மாணவர் பட்டியலிட்டு ஆராய்ந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் நான் இரண்டு பேருக்குப் பரிந்துரைத்தேன். இருவரும் சங்க இலக்கியத்தில் உவமை என்று எடுத்துக்கொண்டு போனார்கள். டானியல் 1986இல் மறைந்ததும் அடக்கமானதும் தஞ்சாவூரில். அந்த ஊரில் போன்ஸ்லே அரசர்களின் காலத்திலிருந்து மராத்தி பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களது மராத்தியைக் கேட்டுப் புனேக்காரர் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று நூற்றாண்டு வயதான ஒரு மொழியை விலகல் என்பதற்குச் சிரிப்பே போதுமாகிவிடுகிறது.

கலைச்சொல் தொகுப்போர் எவராவது இதை வாசித்தால் என் பரிந்துரை இது. அளவையில் வரும் டீவியேசனுக்கு ‘விலகல்’ இருக்கட்டும். விதியும் செயலும் பொருந்தாத இடத்துக்கு ‘வழு’ என்ற பழைய சொல்லையே எடுக்கலாம். அதற்கு எழுவாய் தேவையில்லை, மூடிய வழியையும் அது சொல்லும். நியாயம் காட்டப்பட்டதற்கு ‘வழுவமைதி’ கையிலேயே இருக்கிறது, புதிதாக ஆக்க வேண்டியதில்லை. ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லை அகராதியில் சேர்க்காமல் விடலாம் என்பது என் கட்சி. சேர்த்தே ஆக வேண்டும் என்போர் வாதத்தை இந்தப் பக்கங்களில் வைத்தால், ஞாயிறுகளில் எனக்கு வேலையில்லை, பதில் எழுதுவேன்.